அமாவாசைக்கு கிரீஸ்

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. கத்தரிக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வீட்டுக்கு வந்தா, வாசல்ல ரெண்டு பேரு நிக்கிறாங்க. மதுரையில கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுறவங்களாம். "அண்ணே, உங்ககிட்ட ஒரு அம்பாசடர் இருக்காமே, பாக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய் தார்ப்பாயை விலக்கிக் காட்டினேன். சந்தையில மாட்டுக்குப் பல் பிடிச்சுப் பாக்குற மாதிரி பானெட்டைத் தூக்கி, டிக்கியைத் திறந்து, கீழ குனிஞ்சு, கதவை நாலு தடவை சாத்தி சாத்திப் பாத்தாங்க. கடைசியில, "ஒன்னு நாப்பது தர்றோம்ண்ணே. நாளைக்கே பணத்தோட வர்றோம்" அப்படின்னாங்க.

ஒரு லட்சத்து நாப்பதாயிரம். அந்த வாரம் கத்தரிக்காய் கிலோ எட்டு ரூபாய்க்குப் போட்டுட்டு வந்தவன் நான். சொன்ன தொகை காதுல கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சு வரலைங்கிறதை மறைக்க விரும்பல.

"ஒரு வாரம் டைம் குடுங்க தம்பி"ன்னு சொல்லி அனுப்பி வச்சேன். அந்த ஒரு வாரத்துல நடந்ததையும், அதுக்கு முன்னாடி முப்பது வருசத்துல நடந்ததையும் பத்தித்தான் இந்தப் பதிவு. விவசாயத்துல இருந்து கொஞ்சம் விலகின விசயம் மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தெரியல. படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க ஊரு சோழவந்தான் பக்கம். பெரியாறு தண்ணி பாயுற பூமி. மேலக்கால் ரோட்டுல வந்தா ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பும் வயலுமா இருக்கும். அப்பா வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்தவர். 1991ல கொடிக்கால்ல நல்ல பணம் பாத்தாரு. அந்தப் பணத்துல ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு மாடி எடுப்பாங்க, இல்லேன்னா இன்னும் ரெண்டு குழி வாங்கிப் போடுவாங்க. அப்பா மதுரைக்குப் போய் ஒரு பழைய கார் வாங்கிட்டு வந்து நிறுத்தினார். ஒரு மில் அதிகாரி வச்சிருந்த வண்டி. 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல். வெள்ளை நிறம்.

அப்பத்தா ஒரு மாசம் அப்பாகூட பேசல. "வெத்தலை வித்த காசை வெளக்கமாத்துக் கட்டை மாதிரி ஒரு இரும்புல போட்டுட்டானே"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் புலம்பினாங்க. அப்புறம் அதே வண்டியில ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு முன் சீட்டுல உக்காந்து போனவங்களும் அவங்கதான்.

அந்தக் காலத்துல நம்ம நாட்டுல குடும்பத்துக்குக் கார்னா எண்ணி மூணு நாலுதான். பம்பாயில செஞ்ச பியட், அதுவே பின்னாடி பிரீமியர் பத்மினி. நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச அம்பாசடர். இந்த அம்பாசடர் பிறப்புல வெள்ளைக்காரன். இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்போர்டு, மூணாவது சீரிஸ்னு ஒரு வண்டி. அங்க 1959லேயே அதைச் செய்யுறதை நிறுத்திட்டாங்க. இங்க 1950கள் கடைசியில ஆரம்பிச்சு 2014 மே மாசம் வரைக்கும் செஞ்சாங்க. மூஞ்சி மாறுச்சு, விளக்கு மாறுச்சு, இஞ்சின்கூட மாறுச்சு. அந்த உருண்டை உடம்பு மட்டும் மாறவே இல்ல. 2017ல அந்தப் பேரை மட்டும் பியூஜோ கம்பெனிக்காரங்க 80 கோடி ரூபாய்க்கு வாங்கினாங்க. ஒரு பேருக்கு மட்டும் 80 கோடி. அப்பாகிட்ட பேப்பர்ல வந்ததை வாசிச்சுக் காட்டினப்ப, "அப்ப நம்ம வண்டியில பின்னாடி ஒட்டியிருக்க எழுத்தைப் பத்திரமா வையி"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

பட்டணத்து நண்பர்கள் பல பேருக்கு அம்பாசடர்னா மந்திரி கார், இல்லைன்னா பழைய படத்துல பண்ணையார் கார். எங்க வீட்டுல அது பாதி கார், பாதி மாட்டுவண்டி. முன்னாடி சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்கிறதால நடுவுலயும் ஒரு ஆள் உக்காரலாம். முன்னாடி மூணு, பின்னாடி நாலு, மடியில சில்லுண்டிங்க. டிக்கியில வெத்தலைக் கட்டு. சீட்டைக் கழட்டிட்டு உர மூட்டை ஏத்துனதும் உண்டு. பின்னாடி பட்டை ஸ்பிரிங், எவ்வளவு பாரம் ஏத்தினாலும் முக்கிக்கிட்டே போகும். வரப்பு ரோடு, வாய்க்கால் கரை ரோடு எதுக்கும் அடி தட்டாது.

ஒரு ராத்திரியைப் பத்திச் சொல்லியாகணும்.

1995, ஐப்பசி மாசம். அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தா. தேதிக்குப் பத்து நாள் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்துருச்சு. அடைமழை. அன்னைக்கு ஆம்புலன்சுக்கு இப்ப மாதிரி மூணு நம்பர் அடிக்கிற வசதி எல்லாம் கிடையாது. ஊர்ல மருத்துவச்சி பாத்துட்டு, "புள்ளை திரும்பல, மதுரைக்குக் கொண்டு போயிருங்க"ன்னு சொல்லிட்டாங்க.

அப்பா வண்டியை எடுத்தாரு. பின்னாடி அக்கா, அம்மா, மருத்துவச்சி. முன்னாடி நான், பதினெட்டு வயசு. கொஞ்ச தூரம் போனதும் ரோட்டுக்கு மேல வாய்க்கால் தண்ணி ஓடுது. அப்பா முதல் கியர்ல பையப் பைய இறக்கினாரு. பாதித் தண்ணி தாண்டியாச்சு, கரையேறுற நேரத்துல இஞ்சின் ரெண்டு இருமல் இருமி நின்னு போச்சு.

அந்த இருட்டுல அக்கா கத்துன சத்தம் இன்னைக்கும் எனக்குக் கேக்கும்.

அப்பா ஒரு வார்த்தை பேசல. என்னைக் குடை பிடிக்கச் சொல்லிட்டு பானெட்டைத் தூக்கினாரு. இஞ்சின் பக்கவாட்டுல டெல்கோன்னு ஒன்னு இருக்கும், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சுக் குடுக்குற சாமான். அதோட மூடியை ரெண்டு கிளிப்பை நெம்பிக் கழட்டி, உள்ள கை வச்சுப் பாத்தார். ஈரம். பேன் அடிச்ச தண்ணி தெறிச்சு உள்ள இறங்கியிருக்கு. ஈரம் இருந்தா கரண்டு பிளக்குக்குப் போகாம மூடிக்குள்ளேயே தாவிரும். தோள் துண்டு நனைஞ்சு போயிருந்துச்சு. வேட்டியை உருவி அதோட காஞ்ச ஓரத்தால உள்ளயும் வெளியயும் துடைச்சாரு. வயரையும் ஒவ்வொன்னாத் துடைச்சாரு. மாட்டினார். செல்ப் போட்டார். மூணாவது தடவை பிடிச்சுக்கிச்சு.

கோச்சடை, காளவாசல் தாண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனப்ப மணி மூணே கால். அப்பா டிரவுசரோட நிக்கிறாரு, வேட்டி முழுக்க கரி. விடியக்காலை ஆபரேஷன் பண்ணிப் புள்ளையை எடுத்தாங்க. அந்தப் புள்ளைதான் இன்னைக்கு பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குற என் மருமகன்.

அன்னைக்குத்தான் எனக்கு ஒன்னு விளங்குச்சு. வண்டி வச்சிருக்கிறது பெரிசில்ல, மூடியைத் திறந்தா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும். அந்த வாரமே அப்பாகிட்ட, "எனக்கும் கத்துக் குடுங்கப்பா"ன்னு கேட்டேன்.

அப்பா கத்துக்கொடுத்த முறை இப்படி. நம்ம பக்கம் அமாவாசையன்னைக்கு ஏர் பூட்ட மாட்டாங்க, மாட்டுக்கு லீவு. அந்த நாள்தான் வண்டிக்கும் வைத்தியம். மாசத்துக்கு ஒரு தடவை நாள் தவறாது, காலண்டர் பாக்க வேண்டியதில்ல. வெள்ளென எழுந்து சாக்கை விரிச்சு, வண்டிக்கு அடியில படுத்து கிரீஸ் கன்னால அடிக்கணும். இப்ப வர்ற வண்டிகள்ல இந்த வேலையே கிடையாது, எல்லாம் சீல் போட்டு வருது. அம்பாசடர்ல கிங் பின், ஸ்டியரிங் ஜாயின்ட், பின்னாடி போற ஷாப்டோட கிராஸ்னு பல இடத்துல கிரீஸ் நிப்பிள் இருக்கும். பழைய கிரீஸ் கறுப்பா வெளிய பிதுங்கி, அப்புறம் புதுசு தெரியுற வரைக்கும் அடிக்கணும். "மாட்டுக்கு லாடம் பாக்குற மாதிரிதான்டா. கால் சரியா இருந்தா மாடு ஓடும்"பார் அப்பா.

அடுத்து டெல்கோ உள்ள இருக்கிற சிபி பாயிண்ட். ரெண்டு சின்ன உலோகப் பொட்டு ஒன்னை ஒன்னு தொட்டுத் தொட்டு விலகும், விலகுற நேரத்துல பொறி வரும். அந்த இடைவெளி பதினஞ்சு தௌ இருக்கணும். தௌன்னா ஒரு இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. மில்லிமீட்டர்ல சொன்னா கிட்டத்தட்ட 0.4. பொட்டு கருகியிருந்தா உப்புத்தாளால லேசா ஒரு இழுப்பு. டாப்பெட் இடைவெளியும் அதே பதினஞ்சு தௌதான், இஞ்சின் குளிர்ந்து இருக்கும்போது பாக்கணும். பிளக்குக்கு இருபத்தஞ்சு தௌ. இந்த மூணு எண்ணும் எங்க வீட்டு கொட்டகைச் சுவத்துல கரிக்கட்டையால எழுதியிருக்கும். அதுக்குப் பக்கத்துலயே பசு மாடு சினை போட்ட தேதியும் இருக்கும்.

டெல்கோவும் செல்ப் மோட்டாரும் லூகாஸ் டிவிஎஸ், நம்ம மெட்ராஸ் பாடியில செஞ்சது. அந்த டிவிஎஸ் குடும்பம் 1911ல பஸ் விட ஆரம்பிச்சதே மதுரையிலதான். கல்கத்தாவுல பிறந்த வண்டிக்கு நம்ம ஊரு சம்பந்தம் அப்படி ஒன்னு உண்டு.

ஓட்டுறதுக்கும் ஒரு பக்குவம் வேணும். காலையில சோக்கை இழுத்து, செல்ப் போட்டு, ஒரு நிமிசம் உறுமவிட்டு, சோக்கைப் பாதி தள்ளி, சத்தம் சீரானதும் முழுசாத் தள்ளணும். அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா பெட்ரோல் வழிஞ்சு பிளக் நனைஞ்சு போகும், அப்புறம் பத்து நிமிசம் சும்மா உக்காந்திருக்கணும். சித்திரை வெயில்ல திருவிழாக் கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்னுரும். அதுக்கு வைத்தியம் பம்பு மேல ஈரத்துணி போடுறது. அழகரைப் பாக்கப் போறப்ப எங்க வண்டியில ஒரு குடம் தண்ணி எப்பவும் இருக்கும். பாதி ரேடியேட்டருக்கு, பாதி ஈரத்துணிக்கு, மிச்சம் இருந்தா நமக்கு. பிரேக்குக்கு முன்கூட்டியே காலை எடுத்து வைக்கணும். நாலு சக்கரமும் டிரம் பிரேக், வண்டி ஒரு டன்னுக்கு மேல. இன்னைக்கு வர்ற கார் மாதிரி மிதிச்ச இடத்துல நிக்காது.

பிரேக்னு சொன்னதும் என் வண்டவாளத்தையும் எழுதித்தான் ஆகணும்.

2003ல அப்பாவுக்குக் கண்புரை. அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கிளம்புறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி பாத்தேன், பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு. பிரேக் ஆயில் டப்பா காலி. டிராக்டருக்கு ஊத்துற ஹைட்ராலிக் ஆயில் கேன்ல பாதி இருந்துச்சு. ரெண்டும் ஆயில்தானே, ரெண்டும் அழுத்தத்துல வேலை செய்யுறதுதானேன்னு நினைச்சு ஊத்திட்டேன். அப்பாகிட்டச் சொல்லல. எனக்கு எல்லாம் தெரியும்ங்கிற மிதப்பு.

பிரேக் ஆயில் வேற, மத்த ஆயில் வேற. பிரேக் சிலிண்டர் உள்ள இருக்கிற ரப்பர் வாஷருக்கு டிராக்டர் ஆயில் ஆகவே ஆகாது, பட்டா ஊறி உப்பிரும். உப்பின ரப்பர் சிலிண்டருக்குள்ள இறுகிக்கும், மிதிச்ச பிரேக் திரும்பி வராது.

கோச்சடை வந்தப்ப வண்டி இழுக்க மாட்டேங்குது. கருகுற வாடை. அப்பாவுக்குக் கண்ணுதான் மங்கல், மூக்கு நல்லா இருந்துச்சு. "நிப்பாட்டுடா"ன்னாரு. இறங்கிப் பாத்தா முன்சக்கரம் ரெண்டும் அடுப்பு மாதிரி கொதிக்குது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பிரேக் ஆயில் கொதிச்சு, மிதிச்சா காலு சும்மா உள்ள போயிருக்கும். அடுத்து காளவாசல் நெரிசல். நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்கும்.

அப்பா கேட்டது ஒன்னுதான். "என்னத்த ஊத்துன?" சொன்னேன். அவர் திட்டல. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம். நாலு சக்கரத்து சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாத்தையும் கழட்டி, குழாய் பூராவும் கழுவி, ரப்பர் அத்தனையும் புதுசு போட வேண்டியதாச்சு.

அப்பாவுக்கு ஒரு கணக்கு நோட்டு உண்டு. இடது பக்கம் கொடிக்கால் கணக்கு, வலது பக்கம் வண்டிக் கணக்கு. அந்தத் தேதிக்கு என்ன எழுதினார்னு அப்ப நான் பாக்கல. அவர் போனப்புறம்தான் எடுத்துப் பாத்தேன். செலவுத் தொகைக்குப் பக்கத்துல, 'பிரேக்'னு எழுதி அடிச்சுட்டு, 'மகன் படிப்புச் செலவு'ன்னு எழுதியிருந்தார்.

அப்பா 2021 தை மாசம் தவறிட்டார்.

வண்டி அவர் பேருலயே இருந்துச்சு. மூணு வருசம் நான் கொட்டகைப் பக்கம் அதிகம் போகல. காரணம் சொல்லத் தெரியல. அமாவாசை வரும், போகும். தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன். பத்திரமா இருக்குன்னு நினைப்பு.

ஓடாத வண்டி பத்திரமா இருக்காது, இதைப் பழைய வண்டி வச்சிருக்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பேட்டரி செத்துரும். டயர் ஒரே இடத்துல அழுத்தி உருமாறிப் போகும். பிரேக் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். எலி வயரைக் கடிக்கும், சீட்டுல குட்டி போடும். எல்லாத்தையும்விட மோசம் டேங்க்ல நிக்கிற பெட்ரோல். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. 2023ல இருந்து இருபது சதவீதம் கலந்ததும் வருது. கரும்பு வச்சிருக்க நம்ம சம்சாரிக்கு அதுல ஆதாயம் உண்டு, அதனால நான் குறை சொல்ல வரல. ஆனா எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நின்ன வண்டியோட இரும்பு டேங்க்ல அடியில தண்ணி தங்கும், துரு விழும். அந்தக் காலத்து ரப்பர் குழாயும், பம்பு உள்ள இருக்கிற சவ்வும் எத்தனாலுக்குன்னு செஞ்சதில்ல, ஊறிப் பிசுபிசுத்துப் போகும். அந்தக் காலத்து வண்டி ஈயம் கலந்த பெட்ரோல் குடிச்சது. 2000ல நாடு பூராவும் அதை நிறுத்தினப்பவும் அப்பா இப்படித்தான் கவலைப்பட்டார். வண்டி அதுக்கும் பழகிருச்சு.

2024 ஆகஸ்ட்டோட ஆர்.சி. முடியுது. சொந்த காருக்கு முதல்ல பதினஞ்சு வருசம், அப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டு போய்க் காட்டிப் புதுப்பிக்கணும். 2019ல அப்பா புதுப்பிச்சப்ப கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல அதை 5000 ஆக்கினாங்க. பசுமை வரி தனி. அதுக்கும் முன்னாடி வண்டியை என் பேருக்கு மாத்தணும். அதுக்கு வாரிசுச் சான்றிதழ், அம்மா, அக்கா ரெண்டு பேரோட சம்மதக் கையெழுத்து. அம்பது வருசம் ஆனா பழம்பெரும் வண்டின்னு தனியாப் பதிஞ்சுக்கலாம்னு 2021ல சட்டம் வந்திருக்கு. எங்க வண்டிக்கு அது 2034லதான். அப்படிப் பதிஞ்சாலும் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது.

இந்த நிலைமையிலதான் அந்த ஒன்னு நாப்பது வந்து வாசல்ல நின்னுச்சு.

கணக்குப் போட்டா விக்கிறதுதான் சரி. லிட்டருக்கு எட்டு, மிஞ்சிப் போனா ஒன்பது கிலோமீட்டர். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல. பையன் சென்னையில இருந்து போன்ல சொன்னான், "குடுத்துருங்கப்பா. அந்தக் காசுக்கு சொட்டுநீர் போட்டுரலாம்." அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவ பொறந்த வீட்டு ஞாபகத்துல "விக்காதடா"ன்னு அழுவான்னு நினைச்சேன். அவ கேட்டது வேற. "கடைசியா எப்படா அதை ஓட்டுன?"

"அப்பா காரியத்துக்கு முன்னாடி."

"அப்ப வித்துரு. அப்பாவை நெனச்சு மூடி வைக்கிறதுன்னா அது வெறும் இரும்புடா, எலிதான் குடியிருக்கும். ஓட்டுறதுன்னா வச்சுக்க. எதுன்னாலும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

போனை வச்சுட்டு ரொம்ப நேரம் திண்ணையிலேயே உக்காந்திருந்தேன். அம்மா உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க. "அவன் காருல என்னால ஏறி எறங்க முடியலப்பா"ன்னாங்க. அவன்னா என் பையன். அவன் கார் தாழ்வா இருக்கும், அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், குனிஞ்சு உள்ள போறதுக்குள்ள உயிர் போயிரும். அம்பாசடர் சீட்டு நாற்காலி உசரம். கதவு அகலம். அப்படியே உக்காந்து காலை உள்ள எடுத்து வச்சா போதும். மூணு வருசமா அம்மா மதுரைக்கே வராததுக்கு இதுதான் காரணம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நானும் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல.

மறுநாள் காலையில மெக்கானிக் பாயைப் பாக்கப் போனேன். அப்பா காலத்துல இருந்து எங்க வண்டிக்கு அவர்தான் வைத்தியர். வயசு எழுபதுக்கு மேல, கை நடுக்கம் வந்து பட்டறையை மூடிட்டார். "என்னால ஸ்பேனர் பிடிக்க முடியாது தம்பி. நான் சேர் போட்டு உக்காந்து சொல்றேன், நீங்க கழட்டுங்க. சம்மதமா?"ன்னாரு.

பத்து நாள். பாய் சேர்ல, நான் சாக்குல. டேங்கை இறக்கிக் கழுவினோம். பெட்ரோல் குழாயெல்லாம் எத்தனால் தாங்குறதா மாத்தினோம். பம்பு சவ்வு மதுரையில கிடைக்கல. பையன் சென்னை புதுப்பேட்டையில ரெண்டு நாள் அலைஞ்சு வாங்கி அனுப்பினான். விக்கச் சொன்னவன்தான், வாங்கினதும் அவன்தான். பிரேக் ரப்பர் மாத்துறப்ப பாய் டப்பாவை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "பிரேக் ஆயில்தானே தம்பி?"ன்னு கேட்டுச் சிரிச்சார். இருபத்தோரு வருசம் ஆச்சு, மனுசன் மறக்கல.

முன்னாடி டோர்ஷன் பார் தளர்ந்து வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு, அதையும் ஏத்தி நிமித்தினோம். கடைசியா சிபி பாயிண்ட். சுவத்துல கரிக்கட்டை எழுத்து பாதி அழிஞ்சிருந்தாலும் அந்தப் பதினஞ்சு மட்டும் தெரிஞ்சது. பாயைக் கேக்காம நானே வச்சேன். சோக்கை இழுத்து செல்ப் போட்டேன். ரெண்டாவது சுத்துல பிடிச்சுக்கிச்சு. பாய் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "ஒரு சிலிண்டர் லேசா முனகுது. ஓட ஓட சரியாயிரும்"ன்னாரு. ஆயிருச்சு.

செலவு மொத்தம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். அப்பா நோட்டுல வலது பக்கம் எழுதி வச்சேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சேசிஸ் நம்பர் மேல தாள் வச்சுப் பென்சிலால தேச்சு எடுத்தாங்க. பிரேக், லைட்டு எல்லாம் பாத்தாங்க. இப்ப என் பேருல, 2029 வரைக்கும் ஆர்.சி. இருக்கு. வாடகைக் கார் தம்பிங்களுக்குப் போன் பண்ணி, "இல்லப்பா, வண்டி ஓடுது"ன்னு சொல்லிட்டேன். சொட்டுநீர் இந்த வருசமும் போடல. அதுல எனக்கு வருத்தம் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

உங்க வீட்டுலயோ ஊர்லயோ இப்படி ஒரு பழைய வண்டி தார்ப்பாய்க்குள்ள இருந்தா, ஒரு நாளைக்கு மூடியைத் திறந்து பாருங்க. ஓட்டுறதுக்கு ஆள் இருந்தா, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவையாவது இஞ்சின் நல்லா சூடாகுற அளவுக்கு ஒரு நடை ஓட்டுங்க. ரொம்ப நாள் நிறுத்தப் போறீங்கன்னா பெட்ரோலை இறக்கிருங்க, பேட்டரி வயரைக் கழட்டிருங்க. பிரேக் ஆயில் டப்பாவை எழுத்துக்கூட்டிப் படிங்க. ஓட்ட ஆளே இல்லைன்னா, ஓட்டுற ஆள் கையில குடுத்துருங்க. அதுவும் தப்பில்ல.

இப்ப வாரத்துக்கு ஒரு நடை சோழவந்தான் சந்தைக்கு, மாசத்துக்கு ஒரு நடை மதுரைக்கு. போன வெள்ளிக்கிழமை அம்மா முன் சீட்டுல உக்காந்து மீனாட்சியைப் பாக்கப் போனாங்க. நாலு வருசத்துக்கு அப்புறம். திரும்பி வர்றப்ப கோச்சடையில வண்டியை மெதுவாக்கினேன், பழக்க தோசம். "இங்கதானடா உங்கப்பாவை எறக்கி ஆட்டோவுல ஏத்துன?"ன்னாங்க அம்மா.

நாளை மறுநாள் அமாவாசை. கிரீஸ் டப்பா காலியாயிருச்சு, வாங்கிட்டு வரணும்.